பெரிகோர் கிராமத்து வசந்தம்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே பெரிகோர் என்று வழங்கும் பிரதேசத்தில், சார்லா என்னும் பழைய பட்டணத்துக்கும் வெசேர் நதிக்கரையிலுள்ள மோந்திஞாக்குக்கும் நடுவே, தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஐம்பது அறுபது வீடுகளும் ஒரு புராதன மாதா கோயிலும் மட்டுமே உள்ள சிறு கிராமம் ஒன்றில், ஒரு வசந்த காலம் முழுவதையும் கழிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மார்ச் மாத இறுதியின் குளிர்மழையில் போய்ச் சேர்ந்து, செர்ரிப் பழங்கள் சந்தையில் குவியத் தொடங்கும் ஜூன் மாத ஆரம்பத்தில் விடைபெற்றேன். அந்தப் பக்கத்துக் கோட்டைகளையும் குகைகளையும் வர்ணிக்கும் நூல்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஆகையால் அவற்றை விட்டு, அங்கே அன்றாடம் ரொட்டி வாங்கி, அடுப்பு மூட்டி, அயலாரோடு பேசிப் பழகி வாழ்ந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை, அவ்வாறே சென்று தங்க விரும்பும் தமிழ் வாசகர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் சொல்லுகிறேன். அந்தக் கிராமத்துக்கென்று ஒரு காலநியதி உண்டு. கோயில் மணியும் ரொட்டி அடுப்பும் தோட்டமும் சேர்ந்து வகுத்த அந்த நியதிக்குத் தம்முடைய சௌகரியத்தை உட்படுத்திக்கொள்ளுகிறவரை ஊரார் தம்முள் ஒருவராக ஏற்கிறார்கள். அவ்வாறு செய்யாதவருக்கு அந்த ஊர் ஓர் அழகிய சித்திரமாக மட்டுமே நின்றுவிடுகிறது.

பிரயாண ஏற்பாடுகளை விரைவில் சொல்லி முடித்துவிடுகிறேன். குறுகிய கால விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. ஒருவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவதானால், அந்த வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பெயரால் ‘மேரி’ எனப்படும் ஊர் நிர்வாக அலுவலகத்தில் விண்ணப்பித்து ஓர் அத்தாட்சிப் பத்திரம் பெற்று அனுப்ப வேண்டும். சிறு கிராமங்களில் மேரி வாரத்தில் சில அரை நாட்கள் மட்டுமே திறந்திருப்பதால், அந்தக் காரியத்தை முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது. பொர்தோவிலிருந்து சார்லா வரை ரெயில் உண்டு. அதற்கப்பால் கிராமங்களுக்குப் போகும் பஸ் மிக அபூர்வம் என்பதால், சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு கார் இன்றியமையாதது. வைத்தியர்கள் குறைந்துவரும் பிரதேசம் அது. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை வைத்தியர் சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும். பச்சைச் சிலுவை விளக்கு தொங்கும் மருந்துக் கடைக்காரர் சிறிய உபாதைகளுக்கு நல்ல ஆலோசனை சொல்லுவார். பெரிய அவசரத்துக்கு 15 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். பிரெஞ்சுக் கிராமத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், எந்த அலுவலகத்தின் கதவைத் திறந்தாலும், தெருவில் முன்பின் அறியாத ஒருவரை எதிர்கொண்டாலும், வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டியது ‘போன்ஜூர்’ என்ற வந்தனம். காரியத்தைக் கேட்பது அதற்குப் பிறகுதான். ‘போன்ஜூர்’ சொல்லாமல் “ஒரு ரொட்டி கொடுங்கள்” என்று எவ்வளவு பணிவான குரலில் கேட்டாலும், கடைக்காரியின் முகம் மாறிவிடும். அவர் உங்கள் கேள்விக்குப் பதிலாகத் தாமே அந்த வந்தனத்தைச் சொல்லி, நீங்கள் திருப்பிச் சொல்லும் வரை காத்து நிற்பார். நம்மவர்களுக்குப் புன்னகையும் தலையசைப்புமே வந்தனமாக அமைந்துவிடுகின்றன. அங்கே அவை போதா. வரிசையில் நிற்பவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு முறையும், விற்பவருக்குத் தனியாக ஒரு முறையும், போகும்போது ‘நல்ல பொழுதாகட்டும்’ என்ற பொருளில் ‘போன் ஜூர்னே’ என்றும் சொல்லிப் பழகிய பிறகு, என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சு ஒரு தடையாகவே இருக்கவில்லை. இலக்கணப் பிழைகளை அவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். வந்தனம் சொல்லாததை மன்னிப்பதில்லை. இதை அகம்பாவம் என்று சில பிரயாணிகள் குறை கூறக் கேட்டிருக்கிறேன். அது அநியாயமான அபிப்பிராயம். கடைக்காரரை ஒரு பொருள் தரும் யந்திரமாகக் கருதாமல் மனிதராகக் கண்டு பேசத் தொடங்க வேண்டும் என்பதே அந்த வழக்கத்தின் தாத்பரியம்.

அந்த வந்தனத்தை நாள்தோறும் சொல்லும் முதல் இடம் ரொட்டிக்கடை. நான் இருந்த கிராமத்தில் அது இல்லை. வாதுமைக் கொட்டை என்று நம்மவர் சிலரும் அக்ரூட் என்று பலரும் அழைக்கும் மரங்களின் தோப்புகள் வழியே நடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அங்கே காலை 7 மணி சுமாருக்குக் கடை திறக்கும். பன்னிரண்டரை மணிக்கு அடைத்துவிட்டு மாலை 4 மணிக்கு மேல்தான் மறுபடி திறப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் விடுமுறை வைத்துக்கொள்ளுகிறார்கள் என்பதால், எந்த ஊர் எந்த நாளில் அடைப்பு என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுவது முதல் நாளே செய்ய வேண்டிய காரியம். கடையே இல்லாத சில ஊர்களில், பணம் போட்டால் நீள ரொட்டியைத் தள்ளும் யந்திரத்தைச் சதுக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

வெறுமனே ‘பாகெத்’ என்று கேட்காமல் ‘திரதிசியோன்’ என்று கேட்டு வாங்குங்கள். 1993-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஓர் அரசாங்க ஆணைப்படி, பாரம்பரிய ரொட்டி என்ற பெயரில் விற்பதற்கு மாவும் நீரும் உப்பும் புளிப்பும் கொண்டு பிசைந்திருக்க வேண்டும். ரசாயனச் சேர்க்கை கூடாது. எந்த நிலையிலும் உறைய வைத்திருக்கவும் கூடாது. பாகெத் செய்யும் கலையையும் அதைச் சூழ்ந்த பழக்கங்களையும் 2022-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த ரொட்டியை ஒரு முறை ருசித்தவர்களுக்கு அந்தக் கௌரவம் மிகையாகத் தோன்றாது. ஆயினும் அது மாலைக்குள் விறைத்துப்போகும் சுபாவமுடையது. இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டுமானால், தடித்த மேலோடுள்ள பெரிய நாட்டு ரொட்டியை வாங்கித் துணியில் சுற்றி வைப்பதே முறை. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேஜையின் மீதே வைப்பார்கள். தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மட்டும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாமல் எடுத்து நிமிர்த்திவிடுவார்கள், ஏனெனில் அது துரதிருஷ்டம் என்பது நெடுநாளைய நம்பிக்கை.

பகல் 12 மணி முதல் 2 மணி வரை அந்தப் பக்கத்து ஊர்களில் எதுவும் நடவாது. மளிகைக் கடை, தபாலாபீஸ், மேரி, சிறிய மருந்துக் கடை எல்லாம் மூடியிருக்கும். சாலையில் வாகனம் கூட அரிது. போஜனத்துக்கு அவர்கள் அளிக்கும் மரியாதை அத்தகையது. நீங்களும் அந்நேரத்தில் உண்ணத்தான் வேண்டும். 2 மணிக்கு மேல் சென்று உணவு விடுதியில் அமர்ந்தால், சமையல் முடிந்துவிட்டது என்று மிகுந்த விநயத்தோடு சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஞாயிறு பிற்பகலும், பல இடங்களில் திங்கட்கிழமையும் கடையடைப்பு. சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாளைய சாமான்களை வாங்கி வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும். தொடக்கத்தில் தடையாகத் தோன்றும் இந்த ஒழுங்கு, நாளாக ஆக, பொழுதுக்கு ஓர் உருவத்தைக் கொடுப்பதை நான் உணர்ந்தேன். எப்போதும் திறந்திருக்கும் கடைகளுக்கு நடுவே வாழும் நமக்கு, எந்த வேளைக்கும் அதற்குரிய தனிக் காரியம் என்று எதுவும் மிஞ்சாமல் போய்விட்டது.

அந்தப் பொழுதுகளை அறிவிப்பது கோயில் மணி. காலை 7 மணிக்கும், நண்பகலிலும், மாலை 7 மணிக்கும் ஆஞ்ஜெலுஸ் என்னும் பிரார்த்தனைக்கான மணி ஒலிக்கும். அதன்றி மணிக்கொரு முறை நேரத்தையும் அடிக்கும். பல ஊர்களில் ஒரே நேரத்தை இரண்டு நிமிஷ இடைவெளியில் இரு முறை அடிப்பார்கள். வயலில் வேலை செய்கிறவர் முதல் முறை எண்ணத் தவறினாலும் இரண்டாம் முறையில் எண்ணிக்கொள்ளலாம் என்ற கருணையான ஏற்பாடு அது. பட்டணத்திலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள் மணியோசையையும் சேவல் கூவுவதையும் ஆட்சேபித்து வழக்குத் தொடுத்த விருத்தாந்தங்கள் உண்டு. ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவலின் மீது தொடுத்த வழக்கு, 2019-இல் சேவலின் பக்கமே தீர்ந்தது. 2021 ஜனவரியில் கிராமங்களின் ஓசைகளையும் வாசனைகளையும் தேசத்தின் பாரம்பரியமாகப் போற்றும் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். ஆகவே விடியற்காலை உறக்கம் கலைகிறதென்று அயலாரிடம் முறையிட வேண்டாம். பெரிய வியாழனன்று மணிகள் மௌனமாகிவிடும். அவை ரோமாபுரிக்குப் பறந்து போயிருக்கின்றன என்று குழந்தைகளுக்குச் சொல்லுவார்கள். இயேசு உயிர்த்தெழுந்த திருநாளன்று மணிகள் மீண்டும் முழங்கும்போது, வழியில் அவை உதிர்த்துவிட்டுப் போன சாக்லெட் முட்டைகளைத் தேடி, பனி ஈரம் உலராத புல்வெளியில் குழந்தைகள் கூடையோடு ஓடுவார்கள்.

வசந்தம் என்ற பெயரைக் கேட்டு மெல்லிய ஆடைகளோடு போகிறவர்கள் அவதிப்படுவார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஒரே நாளில் வெயிலும் ஆலங்கட்டி மழையும் மாறி மாறி வரும். இரண்டு முழம் கனமுள்ள கற்சுவர்கள், மண்பானை நீரைக் காப்பதுபோல், குளிர்காலத்தின் குளிரை ஏப்ரல் முடியும் வரை உள்ளே காத்து வைத்திருக்கும். வெளியே கோட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து அதை அணிந்துகொள்ளுவது அங்கே இயல்பு. வீட்டை வாடகைக்குப் பேசும்போதே வெப்பத்துக்கு என்ன ஏற்பாடு, விறகின் விலை வாடகையில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். விறகை அவர்கள் ‘ஸ்தேர்’ என்ற கன மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். இரண்டு வருஷமாவது உலர்ந்த ஓக் விறகே புகையாமல் எரியும். கிராம வீடுகள் பலவற்றில் கழிவுநீர் தனித் தொட்டிக்குப் போகிறது; அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும் ப்ளீச் முதலிய திரவங்களைக் கழிப்பறையில் ஊற்றக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குளிரைப் பற்றி எனக்குப் போதித்தவர் அடுத்த வீட்டு அம்மையார். அக்ரூட் தோப்பில் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்ந்த குடியானவரின் மனைவி அவர். ஏப்ரல் கடைசியில் சில நாட்கள் நல்ல வெயில் காயவே, சந்தையில் தக்காளி நாற்று வாங்கி நடலாமா என்று நான் அவரிடம் யோசனை கேட்டேன். “வேண்டாம், முஸ்யே, பனிப் புனிதர்கள் இன்னும் போகவில்லை,” என்றார். மே மாதம் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்கள் புனித மமேர், புனித பங்கிராஸ், புனித செர்வே ஆகியோரின் நாட்களாகப் பழைய பஞ்சாங்கத்தில் குறிக்கப்பட்டிருந்தன. அந்த நாட்கள் வரை இரவில் உறைபனி விழக்கூடும் என்பது தோட்டக்காரர்களின் தலைமுறை அனுபவம். பஞ்சாங்கத்தில் பெயர்கள் மாறிய பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. “அதற்குள் நட்டவர்கள் இரண்டு முறை நடுவார்கள். பட்டாணியும் முள்ளங்கியும் இப்போது விதையுங்கள், அவை பயப்படாதவை,” என்று சொல்லி, தம் தோட்டத்திலிருந்து ஒரு பிடி விதையும் கொடுத்தார். அவர் சொன்னதன் கனம் 2021-ஆம் வருஷத்து ஏப்ரலை அறிந்தவர்களுக்கு விளங்கும். அந்த மாத முதல் வாரத்தில் விழுந்த உறைபனி பிரான்ஸின் பெரும் பகுதியில் திராட்சைத் தளிர்களையும் பழமரப் பூக்களையும் கருக்கிவிட்டது. விவசாயிகள் இரவெல்லாம் கண் விழித்துக் கொடிகளின் வரிசைகளுக்கிடையே தீபங்களை ஏற்றிக் காக்க முயன்றார்கள். வானிலையைப் பற்றிக் கிராமத்தார் பேசினால் அது பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய ஜீவனத்தைப் பற்றிய பேச்சு அது. செவி கொடுத்துக் கேட்டால் சிநேகத்தின் வாயிலும் அதுவே.

சந்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சார்லாவில் புதன்கிழமை காலையிலும் சனிக்கிழமையிலும் சந்தை கூடுகிறது. ‘மனமுவந்த அடிமைத்தனம்’ பற்றி எழுதிய எத்தியேன் தெ லா பொயெசி 1530-இல் பிறந்த ஊர் அது. அவருடைய வீடு இன்னும் அப்படியே நிற்கிறது. அமைச்சராயிருந்த ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் வழங்கும் 1962-ஆம் வருஷச் சட்டம் பழைய நகரப் பகுதிகளை இடிக்காமல் புதுப்பிக்க வழி செய்தது. அதனால் முதலில் நன்மை பெற்ற பட்டணங்களுள் சார்லாவும் ஒன்று. வழிபாடு நின்றுபோன ஒரு பழைய மாதா கோயிலுக்கு மிக உயரமான இரும்புக் கதவுகளை அமைத்து, அதனுள் மூடு சந்தையும் வைத்திருக்கிறார்கள். காலை 9 மணிக்குள் போய்விட வேண்டும். காய்கறியையும் பழத்தையும் விற்பவரின் அனுமதியில்லாமல் தொட்டு அழுத்திப் பார்ப்பது பெருந்தவறு. எதற்காக, எப்போது உண்ண வேண்டும் என்று சொன்னால் அவரே பொறுக்கித் தருவார். பேரம் கிடையாது. சிறிய சில்லறையும் சொந்தப் பையும் கொண்டு போனால் விற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் உபகாரம்.

வசந்தத்தின் நடையை அந்தச் சந்தையில் வாரந்தோறும் கண்ணால் காணலாம். முதலில் வயலில் பறித்த சீமைக் காட்டு முள்ளங்கிக் கீரை போன்ற கசப்பிலைகள், அதாவது ‘பிசான்லி’. அதற்கு முட்டையும் சூடான பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள் என்பதால் இலையை மட்டும் வாங்கி நான் எண்ணெயும் காடியும் விட்டு உண்டேன். பிறகு கட்டுக் கட்டாக இளஞ்சிவப்பு முள்ளங்கி. ஏப்ரலில் ‘அஸ்பெர்ழ்’ எனப்படும் அஸ்பராகஸ் தண்டு வெள்ளையும் பச்சையுமாக வரும். ஜூன் 24-ஆம் நாளாகிய புனித யோவான் திருநாளோடு அதன் பருவம் முடியும். ஆடுகள் குட்டி ஈன்று புதுப் புல் மேயும் காலமாகையால், உள்ளங்கையில் அடங்கும் வட்டமான வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டிக்கு வசந்தமே சிறந்த பருவம். 35 கிராம் எடையுள்ள ரொக்கமதூர் கட்டிக்கு 1996 முதல் அரசாங்கப் பாதுகாப்புப் பெற்ற பெயர் உண்டு. பின்பு பெரிகோர் ஸ்ட்ராபெரி. பழத்தின் மணம் சந்தை முழுவதும் பரவும் அந்த ஏப்ரல் இறுதிச் சனிக்கிழமைகளுக்காகவே ஒருவர் அந்தப் பக்கம் போகலாம் என்பது என் அபிப்பிராயம். அதே சந்தையில் கருங்காளான் டிரஃபிளையும் புதிய அக்ரூட்டையும் தேடிப் பிரயோசனமில்லை; முன்னது குளிர்காலத்துக்கும் பின்னது இலையுதிர்காலத்துக்கும் உரியவை. சென்ற பருவத்துக் கொட்டையிலிருந்து ஆட்டிய அக்ரூட் எண்ணெய் கிடைக்கும். அதைச் சூடாக்காமல் கீரையின் மீது விட்டு உண்ண வேண்டும்.

சைவ உணவினர் பெரிகோரில் விழிப்போடு இருக்க வேண்டும். அது வாத்துக்கும் பெருந்தாராவுக்கும் பேர்போன நாடு. நெய்யின் ஸ்தானத்தில் வாத்துக் கொழுப்பு நிற்கிறது. சார்லா உருளைக்கிழங்கு என்று மெனுவில் கண்டு மகிழ்ந்து வாங்கினால் அது பூண்டும் வாத்துக் கொழுப்புமாக வறுத்தது. ‘துரேன்’ என்னும் பூண்டு ரசத்தையும் அந்தக் கொழுப்பிலேயே தாளிப்பது வழக்கம். பெரிகோர் சாலட் என்பதில் பறவையின் ஈரற்குலை கலந்திருக்கும். மாமிசம் உண்பதில்லை என்று சொல்வது மட்டும் போதாது; கொழுப்பும் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டும், அதுவும் மேஜையில் அமர்ந்த பிறகல்ல, அழைப்பை ஏற்கும்போதே. முன்கூட்டிச் சொன்ன இடங்களில் எனக்காக அஸ்பராகஸ் தண்டும் முட்டையும் புதுப் பட்டாணியும் வைத்துப் பரிவோடு சமைத்தார்கள். சமைத்த உணவை ஒதுக்குவதுதான் அவர்களை வருத்தும்.

அழைப்பு வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். முதலில் வருவது மாலை ஆறரை மணி சுமாருக்கு ‘அபெரோ’ என்ற சிற்றுண்டிப் பானத்துக்கான அழைப்பு. அதற்கு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவதே நாகரிகம். குறித்த நேரத்துக்கு முன்னால் போகக் கூடாது. பத்து நிமிஷம் கழித்துப் போவது வீட்டுக்காரிக்குச் செய்யும் உதவி. பூங்கொத்து எடுத்துச் செல்லலாம், சாமந்தி மட்டும் வேண்டாம். அது கல்லறைக்கு வைக்கும் மலர். வேண்டாதவர் மது அருந்தத் தேவையில்லை. பழரசம் கேட்டால் மறுபேச்சின்றித் தருவார்கள். ‘நீங்கள்’ என்ற மரியாதைப் பன்மையைக் கைவிட்டு உரிமையோடு பேசுவதை எப்போதும் மூத்தவரே தொடங்க வேண்டும். அதற்கு நாம் அவசரப்படலாகாது. சம்பளம், வீட்டின் விலை, சாதி மதம் இவற்றைப் பற்றிக் கேட்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை. தோட்டத்தைப் பற்றியும், சமையலைப் பற்றியும், பாட்டனார் காலத்து ஊரைப் பற்றியும் கேட்டால் பேச்சு தானே பெருகும். மே மாதத்தில் இரவு 9 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால், முற்றத்து மேஜையைச் சுற்றி அமர்ந்த அந்தப் பேச்சுகள் எளிதில் முடிவதில்லை.

மே மாதத்தின் இரு திருநாட்களையும் தவறவிடாதீர்கள். முதல் தேதியன்று கடைகள் அடைத்திருக்கும்; ஆனால் சாலையோரத்தில் குழந்தைகளும் முதியவர்களும் ‘முகே’ என்னும் சிறு வெண்மணிப் பூச்செண்டுகளை விற்பார்கள்; அன்று ஒரு நாள் யாரும் லைசென்ஸ் இன்றி அந்தப் பூவை விற்கலாம். அதை வாங்கி அயலாருக்குக் கொடுப்பது வருஷம் முழுவதற்குமான சுபவாழ்த்து. நானும் அடுத்த வீட்டு அம்மையாருக்கு ஒரு செண்டு கொண்டுபோனேன். எனக்கென்று ஒன்றை அவர் ஏற்கனவே தண்ணீரில் வைத்திருந்தார்.

எட்டாம் தேதி, 1945-இல் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த நாள். பிரான்ஸில் கொம்யூன் எனப்படும் ஏறக்குறைய 35,000 ஊராட்சிகளுள் அநேகமாக எல்லாவற்றிலும் யுத்தத்தில் மாண்டவர்களின் நினைவுத் தூண் இருக்கிறது. எங்கள் ஊர்த் தூணில், முதல் மகாயுத்தத்துப் பெயர்களில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறது. அத்தனை சிறிய ஊர் அத்தனை பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறதே என்று படிக்கிறவருக்கு நெஞ்சு கனக்கும். அந்த யுத்தத்தில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரரை இழந்தது. நம் புதுச்சேரிக் கடற்கரையில் 1938-இல் திறந்துவைத்த ஸ்தம்பமும் அதே துயரத்தின் ஒரு கிளையே. நடுப்பகலுக்கு முன் மூவர்ணப் பட்டை அணிந்த மேயரும், கொடி ஏந்திய முதியவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் கூடி மலர்வளையம் சாத்தினார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒரு நிமிஷ மௌனத்துக்குப் பிறகு தேசிய கீதம் பாடினார்கள். அன்னியரும் பின்வரிசையில் நிற்கலாம். நின்றால் ஊரார் அதைக் கவனித்து மதிக்கிறார்கள். பிறகு பொது மண்டபத்தில் எல்லாருக்கும் சிற்றுண்டி உண்டு. என்னையும் மேயர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். 1939 செப்டம்பரில் ஜெர்மன் எல்லைக்கருகேயுள்ள ஸ்த்ராஸ்பூர் முதலிய ஊர்களின் ஜனங்களைக் காலி செய்து பெரிகோர் அடங்கிய இந்தத் தோர்தோஞ் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதையும், மொழியே வேறுபட்ட அந்தக் குடும்பங்களுக்குக் குடியானவர்கள் தம் வீட்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார்கள் என்பதையும் நான் கேட்டது அந்த மண்டபத்தில்தான். அன்னியருக்கு இடம் கொடுப்பது எப்படி என்பது அந்த ஊருக்கு நேற்றுத் தெரிந்த விஷயமல்ல.

நடப்பதற்கு வசந்தத்தைப்போல் ஏற்ற காலம் வேறில்லை. வேட்டைப் பருவம் பெரும்பாலும் பிப்ரவரி இறுதியோடு முடிந்துவிடுவதால் காட்டுப் பாதைகளில் அச்சமில்லை. மரத்திலும் கல்லிலும் தீட்டிய மஞ்சள் கோடு உள்ளூர்ச் சிறு பாதைக்கும், வெள்ளையும் சிவப்புமான இரட்டைக் கோடு நெடும்பாதைக்கும் அடையாளம். பெருக்கல் குறி கண்டால் அது வழியன்று. மேய்ச்சல் நிலத்து வாயிலைத் திறந்தால் திறந்த கையாலேயே மூடிவிட்டுப் போக வேண்டும். புல்லில் உண்ணிகள் இருக்கும். நீண்ட காற்சட்டையும், வீடு திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். சுண்ணாம்புச் சரிவுகளில் பூக்கும் காட்டு ஆர்க்கிட் மலர்களைப் பறிக்காதீர்கள். முதன்முதலாகக் குயிலினப் பறவையாகிய ‘குக்கூ’ கூவும்போது சட்டைப்பையில் காசு இருந்தால் அந்த ஆண்டு முழுவதும் கை வறளாது என்பது அங்கத்திய நம்பிக்கை. அடுத்த வீட்டுக் குடியானவர் எனக்கு அதைச் சொல்லித் தம் பையையும் தட்டிக் காட்டினார். ஆதிமனிதர் தீட்டிய சித்திரங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை 1963 முதல் பொதுஜனங்களுக்கு மூடியிருக்கிறது. மோந்திஞாக்கில் 2016-இல் திறந்த முழுப் பிரதி மிக நேர்த்தியானதே. எனினும் பிரதியன்றி அசலான பழஞ்சித்திரங்களையே காண விரும்புகிறவர்கள், லெஸெஸி அருகேயுள்ள ஃபோன் தெ கோம் குகைக்கு முன்பதிவு செய்துகொண்டு போகலாம். அங்கே சிறு சிறு குழுக்களாக மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.

ஜூலை பிறந்தவுடன் பள்ளி விடுமுறைக் கூட்டம் சார்லாவின் தெருக்களை நிறைத்துவிடும். வீட்டு வாடகை ஏறும். கடைக்காரருக்கு நின்று பேச அவகாசம் இராது. ஆகவே போக விரும்புகிறவர்கள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் போக வேண்டும். வாரத்துக்கு ஓர் ஊராக மாறாமல் ஒரே கிராமத்தில், ஒரே வீட்டில், குறைந்தது ஒரு மாதமாவது தங்க வேண்டும். வீட்டைப் பிடிக்கும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று விசாரிப்பதைவிட, நடந்துபோகும் தூரத்தில் ரொட்டிக்கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.